திங்கட்கிழமை வரைக்கும் பல்வலியோடு

சனிக்கிழமை இரவு 11 மணி. சாப்பிடும்போது லேசாக முணுமுணுத்துக்கொண்டிருந்த கடைவாய்ப்பல், படுத்ததும் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பிக்கிறது. வலி காதுக்குள் போகிறது, நெற்றிப்பொட்டுக்கு ஏறுகிறது. மேல் பல்லா கீழ்ப் பல்லா என்றுகூடத் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. பல் மருத்துவரிடம் நேரம் கிடைத்திருப்பதோ திங்கள் மாலை 6 மணிக்கு. நடுவில் 43 மணி நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை எப்படிக் கடத்துவது என்பதுதான் இங்கே பேச்சு. பல்லைக் குணப்படுத்தும் வழி எதுவும் இதில் இல்லை. உள்ளே கெட்டுப்போன பல்லை வீட்டில் யாராலும் குணப்படுத்த முடியாது. வலியை அடக்கலாம், நிலைமை மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், ஆபத்து வந்தால் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

முதல் வேலையாகத் தலைமாட்டில் இன்னும் இரண்டு தலையணை போடுங்கள். பல்லுக்கு நடுவில் நரம்பும் இரத்தக் குழாயும் நிறைந்த மென்மையான திசு இருக்கிறது. அதைப் பற்கூழ் என்பார்கள். சொத்தை ஆழமாகி அதைத் தொட்டதும் அது வீங்கப் பார்க்கிறது. கையில் அடிபட்டால் தோல் விரிந்து கொடுக்கும். பற்கூழைச் சுற்றியிருப்பதோ கல் போன்ற சுவர், விரிய இடமே கிடையாது. அதனால் உள்ளே அழுத்தம் ஏறி நரம்பை நெரிக்கிறது. படுக்கும்போது தலைக்கு இரத்தம் கூடுதலாக வருவதால் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. பகலில் தாங்கக்கூடியதாக இருந்த வலி இரவில் பேயாட்டம் ஆடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தலையும் தோளும் உயர்ந்து, பாதி உட்கார்ந்த நிலையில் சாய்ந்துகொண்டால் அந்தத் தெறிப்பு குறையும். சாய்வு நாற்காலி இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, கண்ணாடி முன்னால் நின்று செல்போன் டார்ச்சை அடித்து வாயைப் பாருங்கள். இரண்டு பல்லுக்கு நடுவில் ஏதாவது சிக்கியிருக்கிறதா? கறித்துண்டின் நார், மாம்பழ நார், கொய்யா விதை, பொரியின் உமி. இவை ஈறுக்குள் இறங்கி இரண்டு நாள் தங்கிவிட்டால் சொத்தை வலியைப் போலவே வலிக்கும். பல் இடுக்கு நூலை அந்த இடத்தில் விட்டு, ஒரு பல்லின் பக்கவாட்டோடு ஒட்டி இறக்கி, மெதுவாக மேலே இழுத்தால் வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரால் நன்றாகக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பாருங்கள். சில பேருக்கு வலி அதோடு முடிந்துவிடும். ஊக்கு, துடைப்பத்து ஈர்க்குச்சி, குண்டூசி எதையும் வாயில் விடாதீர்கள். ஈறு கிழிந்து, இல்லாத புண் ஒன்று புதிதாகச் சேரும்.

எதுவும் சிக்கவில்லையென்றால், வலியின் குணத்தைக் கவனியுங்கள். மருத்துவரிடம் சொல்ல இது உதவும். குளிர்ந்த தண்ணீரோ இனிப்போ பட்டதும் சுருக்கென்று இழுத்து, சில நொடிகளில் போய்விட்டால் பற்கூழ் இன்னும் பிழைத்திருக்கிறது. சொத்தையை அடைத்தாலே போதுமானதாக இருக்கலாம். காபி குடித்தபின் நிமிடக்கணக்கில் வலி நிற்கிறது, ஒன்றுமே படாமல் தானாகக் கிளம்புகிறது, தூக்கத்திலிருந்து எழுப்புகிறது என்றால் பற்கூழ் மீள முடியாத கட்டத்துக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கட்டத்தில் சிலருக்குச் சூடு வலியைக் கிளப்பும், குளிர்ந்த தண்ணீர் அடக்கும். அவர்கள் தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்கு வாய் உறிஞ்சியபடி இருப்பார்கள். பல்லை லேசாகத் தட்டினாலே உயிர் போகிறது, மற்றப் பற்களைவிட அந்தப் பல் உயரமாகிவிட்டது போலக் கடிக்கும்போது முதலில் அதுதான் இடிக்கிறது என்றால், நோய் வேரின் நுனி வரைக்கும் இறங்கிச் சீழ் கோத்துக்கொண்டிருக்கலாம். கடைசிக் கடைவாய்ப்பல்லின் மேல் ஈறு மூடி, அதற்கடியில் உணவு தங்கிப் புண்ணாகி வலிப்பது ஞானப்பல் வலி. மேல்வரிசைப் பல் நான்கைந்து சேர்ந்தாற்போல் வலித்து, குனிந்தால் கூடினால், சளி பிடித்த சைனஸாகவும் இருக்கலாம். இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாடிப்படி ஏறினாலோ வேகமாக நடந்தாலோ தாடை வலிக்கிறது, உட்கார்ந்தால் குறைகிறது என்றால் அது பல் சங்கதி இல்லாமல் இதயமாக இருக்கலாம். வியர்வை, நெஞ்சு அழுத்தம், மூச்சு வாங்கல் கூட வந்தால் பல் மருத்துவருக்குக் காத்திருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

இனி மாத்திரை. அதிகப் பேர் தவறு செய்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பல்வலிக்கு நன்றாக வேலை செய்வது வீக்கத்தைக் குறைக்கும் வகை வலிமாத்திரை. அதில் எளிதாகக் கிடைப்பது இப்யூபுரூஃபன். அதோடு பாராசிட்டமால் சேர்ந்தால் தனித்தனியாகப் போடுவதைவிட நன்றாகக் கேட்கும், ஏனென்றால் இரண்டும் வெவ்வேறு வழியில் வேலை செய்கின்றன. வேறு நோய் எதுவும் இல்லாத பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு இப்யூபுரூஃபன் 400 மி.கி., பாராசிட்டமால் 500 அல்லது 650 மி.கி. காலை 6, மதியம் 2, இரவு 10 என்று 8 மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டையும் சேர்த்து, சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். நடுவில் வலி தலைதூக்கினால் பாராசிட்டமால் மட்டும் ஒன்று. அதுவும் முந்தைய மாத்திரை போட்டு 4 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளைக்கு இப்யூபுரூஃபன் 1200 மி.கி.யைத் தாண்டக் கூடாது. பாராசிட்டமாலுக்கு உச்ச வரம்பு 4000 மி.கி. ஆனாலும் 650 மாத்திரை நான்கோடு, அதாவது 2600 மி.கி.யோடு நிறுத்திக்கொள்வது நிதானம். தினமும் குடிப்பவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், உடல் எடை மிகக் குறைவானவர்களுக்கு வரம்பு இன்னும் கீழே. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கணக்குப் போடக் கூடாது.

கணக்கு எங்கே தவறுகிறது என்றால், பெயரில். காம்பிஃபிளாம் என்பது ஒரே மாத்திரைக்குள் இப்யூபுரூஃபன் 400, பாராசிட்டமால் 325. அதோடு டோலோ 650 ஒன்று போட்டால் பாராசிட்டமால் மட்டும் 975 மி.கி. உள்ளே போகிறது. ஒரு வேளைக்கு அது சரிதான். ஆனால் சளிக்கென்று வேறொரு மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால் அதிலும் பாராசிட்டமால் இருக்கலாம். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் உள்ளதைப் படித்துக் கூட்டிப் பாருங்கள். டைக்குளோஃபினாக், அசெக்குளோஃபினாக், கீட்டோரொலாக், நாப்ராக்சன் எல்லாமே இப்யூபுரூஃபனின் பங்காளிகள். இவற்றில் ஒன்றுக்கு மேல் சேர்த்தால் வலி அதற்கேற்ற அளவு குறையாது, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும்தான் கூடும். தெருமுனை கிளினிக்கில் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தால் அது பெரும்பாலும் டைக்குளோஃபினாக்காக இருக்கும். அதன்மேல் இப்யூபுரூஃபனைப் போட வேண்டாம்.

வலி உச்சிக்கு ஏறியபின் மாத்திரையைத் தேடுவதுதான் எல்லோரும் செய்வது. விழுங்கிய மாத்திரை வேலை செய்ய அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் பொறுமை இழந்து இன்னொன்று, பிறகு இன்னொன்று. முதல் ஒன்றிரண்டு நாள் கடிகாரத்தைப் பார்த்து, வலி மறுபடி கிளம்புவதற்கு முன்பே அடுத்த வேளையைப் போட்டால் குறைந்த மாத்திரையில் நிறைய நிம்மதி கிடைக்கும். ஒரு தாளில் நேரமும் மாத்திரையின் பெயரும் எழுதி வையுங்கள். தூக்கமில்லாத தலைக்குப் போட்டோமா இல்லையா என்பது நினைவிருக்காது.

இப்யூபுரூஃபன் எல்லோருக்கும் ஆகாது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள், வலிமாத்திரை போட்டால் மூச்சிரைப்பு வரும் ஆஸ்துமாக்காரர்கள், வார்ஃபாரின், குளோபிடோக்ரல் போல இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் பாராசிட்டமாலோடு நின்றுகொள்ள வேண்டும். பல் பிடுங்க வேண்டியிருக்குமே என்று அந்த இரத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. காய்ச்சல் அடிக்கிறது, ஊரில் டெங்கு நடமாட்டம் இருக்கிறது என்றால் இப்யூபுரூஃபனும் ஆஸ்பிரினும் தொடவே கூடாது. இரத்தக் கசிவு ஆபத்து உண்டு. கர்ப்பிணிகளுக்கும் பாராசிட்டமால்தான், குறிப்பாக 20 வாரத்துக்குப் பிறகு இப்யூபுரூஃபன் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். பிரசவம் முடியட்டும் என்று பல் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதும் இல்லை. கர்ப்ப காலத்தில் மரப்பு ஊசி போட்டுச் சிகிச்சை செய்யலாம், மருத்துவரிடம் மாதத்தைச் சொன்னால் போதும்.

குழந்தைகளுக்கு வயதைவிட எடைதான் கணக்கு. பாராசிட்டமால் ஒரு கிலோவுக்கு 15 மி.கி. வரை, ஒரு நாளைக்கு அதிகபட்சம் 4 முறை. 16 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 240 மி.கி. சிரப் பல செறிவுகளில் வருகிறது. 5 மி.லி.க்கு 120 மி.கி. என்று எழுதியிருந்தால் 10 மி.லி. கொடுக்க வேண்டும், 240 என்றிருந்தால் 5 மி.லி. போதும். புட்டியைப் பார்க்காமல் போன தடவை கொடுத்த அளவையே ஊற்றுவது ஆபத்து. 16 வயதுக்குக் கீழே ஆஸ்பிரின் வேண்டாம்.

இப்போது மருந்துக் கடையில் கிடைக்கும் அந்தக் காகிதக் கவரைப் பற்றி. "பல்வலிக்கு மாத்திரை குடுங்கண்ணே" என்று கேட்டால், அட்டையைக் கத்தரியால் துண்டாக வெட்டி, பெயர் தெரியாத நாலு மாத்திரையைப் போட்டுக் காலை, இரவு என்று சொல்லிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் அதில் ஒரு வலிமாத்திரை, ஒரு ஆன்டிபயாடிக், ஒரு வயிற்று மாத்திரை இருக்கும். சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். ஸ்டீராய்டு வலியையும் வீக்கத்தையும் அமுக்கிவிடும், கிருமி உள்ளே பரவிக்கொண்டே இருக்கும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை எகிறும். பெயர் தெரியாத மாத்திரையை விழுங்க வேண்டாம். அட்டையோடு கேளுங்கள், கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஆன்டிபயாடிக் பல்வலியைக் குறைக்கும் என்பது நம் ஊரில் ஆழமாக வேரூன்றிப்போன நம்பிக்கை. பற்கூழ் வீங்கி வலிக்கும்போது அமாக்ஸிசிலினோ மெட்ரோனிடசோலோ அந்த வலிக்கு எதுவும் செய்வதில்லை. செத்துப்போன பற்கூழுக்குள் இரத்த ஓட்டமே இல்லை, மருந்து எந்த வழியாகப் போய்ச் சேரும்? உடலில் எதிர்ப்புச் சக்தி சரியாக உள்ள பெரியவர்களுக்கு, சிகிச்சை கிடைக்க வழியிருக்கும்போது, பல்வலிக்கும் ஓரிடத்தோடு நிற்கும் வீக்கத்துக்கும் பொதுவாக ஆன்டிபயாடிக் தேவையில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வழிகாட்டுதலே வெளியிட்டது. காய்ச்சல், பரவும் வீக்கம் என்றால் கதை வேறு. அப்போது மருத்துவர் எழுதிக் கொடுப்பார், கூடவே சீழையும் வெளியேற்றுவார். போன வருஷத்து மிச்சம் இரண்டு மாத்திரையைப் போடுவது கிருமிக்குப் பயிற்சி கொடுப்பதாகத்தான் முடியும்.

மாத்திரைக்குத் துணையாகச் செய்யக்கூடியவை எளியவை. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, வலிக்கிற பக்கம் அரை நிமிடம் தேக்கிவைத்துத் துப்புங்கள். சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் செய்யலாம். ஞானப்பல் வலிக்கு இது மிக நன்றாகக் கேட்கும், மற்றபடி பல் குழியைச் சுத்தமாக வைக்கும். சூடு பட்டால் வலிப்பவர்கள் சாதாரணத் தண்ணீரிலேயே கொப்பளிக்கலாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கன்னத்துக்கு வெளியே 10 முதல் 15 நிமிடம் ஒற்றி, அதே அளவு நேரம் விட்டு மறுபடி ஒற்றலாம். கன்னம் வீங்கியிருந்தால் வெந்நீர் ஒத்தடமும் தவிட்டு ஒத்தடமும் வேண்டாம். சூடு இரத்த ஓட்டத்தைக் கூட்டும், வீக்கமும் வலியும் அதோடு கூடும்.

கிராம்பு பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. அதிலுள்ள யூஜினால் உண்மையாகவே நரம்பை மரக்கச் செய்யும். துத்தநாக ஆக்சைடோடு அதைக் குழைத்துத்தான் பல் மருத்துவர்களே தற்காலிக அடைப்பு வைக்கிறார்கள். ஆனால் கடையில் விற்கும் கிராம்பு எண்ணெயை அப்படியே ஊற்றினால் ஈறும் நாக்கும் வெந்துவிடும். ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டு, அதிகம் போனால் இரண்டு சொட்டு விட்டு, மிளகளவு பஞ்சில் நனைத்து, நன்றாகப் பிழிந்து, சொத்தைக் குழிக்குள் மட்டும் வைத்து 10 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். குழியே இல்லாத பல்லில் வைத்துப் பயனில்லை, எனாமலைத் தாண்டி அது உள்ளே போகாது. சிறு குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். விழுங்கிவிட்டால் கல்லீரலைப் பாதிக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் மரக்கும் ஜெல் ஈறுப் புண்ணுக்குக் கொஞ்சம் கேட்கும், பல்லுக்குள்ளிருந்து வரும் வலிக்குக் கேட்காது.

ஆஸ்பிரினைப் பொடித்துப் பல்லோரத்தில் அடக்கிவைப்பது இன்னொரு பழக்கம். அது அமிலம். வைத்த இடத்தில் ஈறு வெள்ளையாக வெந்து, தோல் உரிந்து வரும். பச்சைப் பூண்டு, சுண்ணாம்பு, எருக்கம்பால், புகையிலை, பெட்ரோல், சாராயம் எல்லாம் செய்வதும் அதுதான். புண் வலி பெரிதாகிப் பல்வலி சிறிது நேரம் மறந்துபோவதைத்தான் குணம் என்று எடுத்துக்கொள்கிறோம். கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டுப் புகை பிடித்தால் பல் புழு விழும் என்பார்கள். பூச்சிப் பல் என்று நாம் சொன்னாலும் உள்ளே பூச்சியோ புழுவோ கிடையாது. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா நாம் தின்னும் சர்க்கரையை அமிலமாக்கிப் பல்லைக் கரைக்கிறது, அவ்வளவுதான்.

பல் அடைப்போ கேப்போ கழன்று வலித்தால், அந்தக் கேப்பைக் கழுவிப் பத்திரமாக ஒரு டப்பாவில் வைத்து எடுத்துப் போங்கள். உடனடிப் பசை போட்டு ஒட்டினால் பல்லையும் சேர்த்து இழக்க நேரிடும்.

சாப்பாட்டில் குழைந்த பொங்கல், ஆறிய ரசம் சாதம், தயிர் சாதம், மோரில் கரைத்த கூழ், பாலில் ஊறிய இட்லி. எல்லாம் அறை வெப்பத்தில், மறுபக்கத்தில் மென்று. முறுக்கு, கறி, மிட்டாய், குளிர்பானம் வேண்டாம். வலிக்கிறதே என்று பல் துலக்காமல் விட்டால் அங்கேயே அழுக்கு சேர்ந்து ஈறும் வீங்கும். மென்மையான பிரஷ்ஷால் மெதுவாகத் துலக்குங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வலியில் சாப்பிடாமல் மருந்தை மட்டும் போட்டுவிட்டுச் சர்க்கரை இறங்கி மயங்கிப்போவது உண்டு. கஞ்சியாவது குடித்தாக வேண்டும்.

திங்கட்கிழமைக்குக் காத்திருக்கவே கூடாத நிலைமைகள் உண்டு. தாடைக்கு அடியிலோ நாக்குக்கு அடியிலோ வீக்கம் வந்து கெட்டியாகிறது, நாக்கு மேலே தூக்குகிறது, எச்சில் விழுங்க முடியாமல் வழிகிறது, வாயில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவது போலக் குரல் மாறுகிறது, இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை, கன்ன வீக்கம் கண்ணை மூடுகிறது, வீக்கத்தோடு குளிர்காய்ச்சல். இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்த நிமிடமே பெரிய மருத்துவமனை. கீழ்க்கடைவாய்ப் பல்லின் சீழ் கழுத்துப் பக்கம் இறங்கி மூச்சுக்குழாயை நெரிக்கும் இந்த நோயை 1836இல் லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்தார், இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கிறார்கள். சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது இன்னும் வேகமாகப் பரவும். பல் மருத்துவமனை திறந்திருக்கிறதா என்று தேட வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு, 24 மணி நேரமும் இயங்கும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். இந்த அடையாளங்கள் எதுவும் இல்லாத வெறும் வீக்கமென்றால், அதன் ஓரத்தைப் பேனாவால் கோடு போட்டு வைத்தால், இரண்டு மணி நேரத்தில் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று தெரியும். தாண்டியிருந்தால் அதற்குமேல் வீட்டில் இருக்காதீர்கள்.

அவ்வளவு மோசமில்லை, ஆனால் திங்கள் மாலை வரை தாங்காது என்றால், நேரத்தை முன்னால் கொண்டுவர முயலுங்கள். மருத்துவமனைக்குப் போன் செய்து "பல்வலி" என்று மட்டும் சொல்லாமல், "கீழ் வலது கடைவாய்ப்பல், இரண்டு நாளாக, தூங்க முடியவில்லை, சூடு பட்டால் பத்து நிமிடம் நிற்கிறது, வீக்கம் இல்லை, இன்ன மாத்திரை போட்டும் கேட்கவில்லை" என்று சொல்லுங்கள். அவசரம் புரியும். யாராவது வராமல்போனால் கூப்பிடச் சொல்லுங்கள். வேர் சிகிச்சை முழுவதும் அன்றே முடிய வேண்டியதில்லை. பல்லைத் திறந்து பற்கூழை எடுத்துத் தற்காலிகமாக அடைத்துவிட்டாலே பெரும்பாலும் அன்று இரவு தூக்கம் வரும். பணம் தடையென்றால் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. சென்னை, கடலூர், புதுக்கோட்டையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளே இருக்கின்றன. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவு. எங்கே போனாலும் காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிட வேண்டும்.

ஞாயிறு மதியம் திடீரென்று வலி நின்றுவிடலாம். பல பேர் நேரத்தை ரத்து செய்வது அப்போதுதான். இரவு முழுக்கத் துடித்த பல் சிகிச்சை இல்லாமல் சட்டென்று அமைதியானால், பெரும்பாலும் நரம்பு செத்துவிட்டது என்றுதான் அர்த்தம். இல்லையென்றால் சீழ் ஈறு வழியாக உடைந்து வாய்க்குள் வடிந்திருக்கும். உப்புக் கரிப்பாகவோ நாற்றமாகவோ ஏதோ ஊறினால் அதுதான். கிருமி உள்ளேயே இருக்கிறது, இனிமேல் எலும்பைத் தின்னும். சில வாரமோ சில மாதமோ கழித்து, இந்த முறை வீக்கத்தோடு திரும்பி வரும். வலி இல்லாவிட்டாலும் திங்கள் மாலை போயே ஆக வேண்டும்.

போகும்போது வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மரப்பு ஊசி போட்டால் இரண்டு மூன்று மணி நேரம் சாப்பிட முடியாது, பசியோடு ஊசி போட்டால் சிலருக்குத் தலைசுற்றும். வீங்கிய பல்லைச் சுற்றியுள்ள திசுவில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் மரப்பு மருந்து சரியாகப் பிடிக்காமல் போவதும் உண்டு. வலித்தால் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளாமல் கையைத் தூக்குங்கள், இன்னொரு இடத்தில் ஊசி போட்டு மரக்கச் செய்வார்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயத்துக்குச் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று எழுதி வைத்த அந்தத் தாளையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும், வாயைத் திறப்பதற்கு முன்னால், அதை மருத்துவர் கையில் கொடுங்கள்.